தோய்க்காத சேட்டு

"அவர்ர சேட்டைத் தோய்ச்சு, காயப்போட்டு, மடிச்சும் வைச்சன் தங்கச்சி. அதுதான் நான் செய்த பிழை."

படுவான்கரைக் கிராமமொன்றில், தன் வீட்டுத் திண்ணையில் இருந்தபடி அந்த அக்கா இதைச் சொன்னபோது எனக்கு உடனே விளங்கவில்லை. கணவனின் உடுப்பைத் தோய்ப்பது எப்படிப் பிழையாகும்?

2008ஆம் ஆண்டு ஒரு சுற்றிவளைப்பின்போது அவருடைய கணவர் கொண்டுசெல்லப்பட்டார். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று அறிய அக்கா பத்தொன்பது நாட்கள் அலைந்தார். இருபதாம் நாள் ஒரு தடுப்பு நிலையத்தில் கணவரைக் காட்டினார்கள். பத்து நிமிடம்தான். நடுவில் ஒரு மேசை, பக்கத்தில் ஒரு காவலர். கணவர் வலது கையை மடியில் வைத்தபடியே இருந்தாராம். திரும்பும்போது அவருடைய அழுக்கு உடுப்புகளை ஒரு சொப்பின் பையில் போட்டுக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து பையைத் திறந்தால், சேட்டின் முதுகுப் பக்கம் கிழிந்திருந்தது. தோள்மூட்டிலிருந்து கீழே இரத்தம் காய்ந்து கறுத்திருந்தது.

"அந்த மனுசன் போட்ட உடுப்பில ரத்தம் கிடக்கிறதை எப்படிப் பார்த்துக்கொண்டு இருக்கிறது? அழுதழுது கிணத்தடியில வைச்சுத் தோய்ச்சன். கறை போகுமட்டும் தோய்ச்சன். அடுத்த முறை போகேக்க கொண்டுபோய்க் குடுக்கலாம் எண்டு கிழிசலையும் தைச்சன்."

நான்கு மாதங்களின் பின் ஒரு சட்டத்தரணியைச் சந்திக்கும் வாய்ப்புக் கிடைத்தது. அவர் நான்கு கேள்விகள் கேட்டார். காயத்தைக் கண்ட வைத்தியர் யார்? உடுப்பு எங்கே? எங்கே, எந்தத் திகதியில் முறைப்பாடு செய்தீர்கள்? அதற்கான துண்டு இருக்கிறதா? நான்குக்கும் அக்காவிடம் பதில் இருக்கவில்லை. அடிப்படை உரிமை மீறல் மனு போடப்படவில்லை. 2013இல் கணவர் குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டு வீடு வந்தார். வயல் வேலை செய்து குடும்பத்தைப் பார்த்தவரால் இன்று வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாது. ஆனால் எந்தக் கடதாசியிலும் அவருக்கு ஒன்றும் நடக்கவில்லை.

நான் சமூகவியல் படித்தவள், சட்டத்தரணி அல்ல. ஆனால் காவலில் உள்ளவர்களின் குடும்பங்களோடு வேலை செய்த இத்தனை ஆண்டுகளில் ஒன்றைத் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன். காவலில் உள்ளவரின் வழக்கிற்கான முதற் சான்றுகள் பெரும்பாலும் ஒரு பெண்ணின் கைக்கே வந்து சேருகின்றன. அழுக்கு உடுப்பு, கடிதம், ஆஸ்பத்திரித் துண்டு எல்லாமே மனைவியிடமோ தாயிடமோ சகோதரியிடமோதான் வருகின்றன. தோய்ப்பதும் தைப்பதும் கூட்டித் துப்புரவாக்குவதும் எமக்குச் சிறுவயது முதல் பழக்கப்பட்ட வேலைகள். அந்தப் பழக்கமே சில வேளைகளில் சான்றை அழித்துவிடுகிறது. இது எவருடைய குற்றமும் அல்ல. எமக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது?

சிறையில் இருப்பவருக்கு உரிமை ஏது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. எமது 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை, எவரையும் சித்திரவதைக்கோ கொடூரமான, மனிதத்தன்மையற்ற நடத்துகைக்கோ உட்படுத்தக் கூடாது என்கிறது. சந்தேகநபர், விளக்கமறியற் கைதி, தண்டனை பெற்ற கைதி என்ற வேறுபாடு அதில் இல்லை. 13ஆம் உறுப்புரை, கைதுசெய்யப்படுபவருக்குக் காரணம் அறிவிக்கப்பட வேண்டும் என்கிறது. இவ்வுரிமைகள் அரச அதிகாரிகளால் மீறப்பட்டால், 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்திற்கு மனுச் செய்யலாம்.

இந்த மனுவில் மூன்று விடயங்களை நாம் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும்.

முதலாவது, காலம். மீறல் நடந்து ஒரு மாதத்திற்குள் மனுச் செய்ய வேண்டும். காவலில் உள்ளவருக்கு இது எப்படி இயலும் என்ற கேள்வி நீதிமன்றத்தின் முன்னும் வந்தது. 1989ஆம் ஆண்டின் சட்ட அறிக்கைகளில் உள்ள நமசிவாயம் வழக்கில், அவர் கட்டுப்பாட்டிலிருந்து விடுபட்ட நேரத்திலிருந்தே மாதத்தைக் கணக்கிட வேண்டும் என்று உயர் நீதிமன்றம் கூறியது. இன்னொரு வழியும் உண்டு. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க மனித உரிமைகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி, ஒரு மாதத்திற்குள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்த மாதக் கணக்கில் சேராது. ஆனால் முறைப்பாட்டுத் துண்டை மட்டும் காட்டினால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். விசாரணை உண்மையிலேயே நடந்துகொண்டிருந்தது என்பதற்கு ஆதாரம் எங்கே என்று நீதிமன்றம் கேட்கலாம். ஆணைக்குழுவிலிருந்து வரும் ஒவ்வொரு கடிதமும், நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு நினைவூட்டற் கடிதத்தின் பிரதியும் அப்போது கைகொடுக்கும்.

இரண்டாவது, விசாரணை நடக்கும் விதம். சினிமாவில் காண்பதுபோல் கூண்டில் ஏறிச் சாட்சி சொல்லி, குறுக்கு விசாரணை நடந்து முடிவாகும் வழக்கு அல்ல இது. பெரும்பாலும் சத்தியக்கடதாசிகளையும் அவற்றோடு இணைக்கும் ஆவணங்களையும் வைத்தே உயர் நீதிமன்றம் தீர்மானிக்கிறது. ஆகவே நாம் பத்திரப்படுத்திய துண்டுகளே அங்கே எமக்காகப் பேசும்.

மூன்றாவது, எவ்வளவு நிரூபிக்க வேண்டும் என்பது. குற்றவியல் வழக்கைப்போல் சந்தேகத்திற்கு இடமின்றி நிரூபிக்கத் தேவையில்லை. 1981ஆம் ஆண்டின் வேல்முருகு வழக்கிலிருந்து சிவில் வழக்கின் அளவே பின்பற்றப்படுகிறது. ஆனால் சித்திரவதை என்பது பாரதூரமான குற்றச்சாட்டு. அதற்கேற்ற வலு சான்றுக்கும் இருக்க வேண்டும்.

காவலில் இருந்தவர் இறந்துவிட்டால் மனுச் செய்ய யாருக்கு உரிமை? பையாகல பொலிஸாரால் கைதுசெய்யப்பட்ட ஒருவர் 2000ஆம் ஆண்டு காவலில் இருந்தபோது இறந்தார். அவருடைய மனைவி உயர் நீதிமன்றத்திற்குச் சென்றார். இறந்தவரின் உரிமைக்காக மனைவி மனுச் செய்ய முடியாது என்று ஆட்சேபிக்கப்பட்டது. நீதிமன்றம் அந்த ஆட்சேபத்தை ஏற்கவில்லை. 2003ஆம் ஆண்டு அந்த விதவைக்கும் பிள்ளைக்கும் நட்டஈடு வழங்கத் தீர்ப்பளித்தது. சட்டத்தரணிகள் இதை ஸ்ரீயானி சில்வா வழக்கு என்று குறிப்பிடுவார்கள். ஒரு சாதாரணப் பெண் திறந்துவிட்ட கதவு அது.

ஒரு வருடம் பிந்திய வைத்திய அறிக்கை

காலந்தாழ்த்தினால் என்ன நடக்கும் என்பதற்கு மட்டக்களப்பு மாவட்டத்திலிருந்தே ஓர் உதாரணம் உண்டு. நல்லரட்ணம் சிங்கராசா 1993 ஜூலை மாதம் சுற்றிவளைப்பில் கைதுசெய்யப்பட்டார். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் அவரிடம் பெறப்பட்டதாகக் கூறப்பட்ட குற்ற ஒப்புதல் வாக்குமூலத்தை அடிப்படையாகக் கொண்டு, 1995இல் மேல் நீதிமன்றம் 50 வருடச் சிறைத்தண்டனை விதித்தது. 1999இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை 35 வருடமாகக் குறைத்தது. தாம் சித்திரவதை செய்யப்பட்டதாக அவர் சொன்னார். ஆனால் அச்சட்டத்தின் 16ஆம் பிரிவின்படி, வாக்குமூலம் சுயவிருப்பமின்றிப் பெறப்பட்டது என்று நிரூபிக்கும் பொறுப்பு சந்தேகநபரின் தலையிலேயே விழுந்தது.

அவருடைய உடலில் தழும்புகளும் கண்ணில் காயத்தின் அடையாளமும் இருப்பதை வைத்திய அறிக்கை சொன்னது. ஆனால் அந்த அறிக்கை விசாரணை நடந்து ஒரு வருடத்திற்கும் மேலான பின்னரே பெறப்பட்டிருந்தது. அதிலிருந்து திட்டவட்டமான முடிவுக்கு வர முடியாது என்று நீதிமன்றங்கள் கருதின. அடித்ததைப் பற்றி முன்னரே நீதவானிடம் முறையிடவில்லை என்பதும் அவருக்கு எதிராக எடுத்துக்கொள்ளப்பட்டது. 2004ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகளின் மனித உரிமைகள் குழு, நிரூபிக்கும் பொறுப்பை அவர்மீது சுமத்தியதும் பிந்திய வைத்திய அறிக்கையைக் காரணம் காட்டி முறைப்பாட்டை ஒதுக்கியதும் நியாயமான விசாரணைக்கு முரணானவை என்று கண்டது. எனினும் 2006இல் எமது உயர் நீதிமன்றம் அந்த முடிவின் அடிப்படையில் நிவாரணம் தர மறுத்தது.

இந்த வழக்கை நான் கூட்டங்களில் சொல்லும்போது, "சான்று இருந்தாலும் பயனில்லைதானே மிஸ்?" என்று ஒரு தாய் கேட்டார். நியாயமான கேள்வி. சான்று இருந்தால் வெற்றி நிச்சயம் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. ஆனால் அந்த அறிக்கை ஒரு வருடம் பிந்தாமல் ஒரு வாரத்தில் எடுக்கப்பட்டிருந்தால், அதை அவ்வளவு இலகுவாகத் தள்ளியிருக்க முடியுமா? எமது கையில் இல்லாதவை பல. எமது கையில் இருப்பதையாவது தவறவிடாமல் இருப்போம்.

உடம்பில் உள்ள சான்று

எல்லாச் சான்றுகளிலும் முதலில் மறைவது உடம்பில் உள்ள காயம்தான். கண்டல் சில நாட்களில் நிறம் மாறி, சில வாரங்களில் இல்லாமல் போகும். ஆகவே காவலில் உள்ளவரை நீதவான் முன் கொண்டுவரும் முதல் நாளே முக்கியமானது. அடித்திருந்தால் அதை நீதவானிடம் அன்றே வாய்திறந்து சொல்ல வேண்டும். அவர் பயந்தால் சட்டத்தரணி மூலம் சொல்லலாம். சட்ட வைத்திய அதிகாரியிடம் அனுப்பும்படி கேட்க வேண்டும். சொன்னது வழக்கேட்டில் பதியப்பட்டால், பின்னர் அதன் உறுதிப்படுத்திய பிரதியைப் பெறலாம்.

பொலிஸார் பக்கத்தில் நிற்கையில் வைத்தியரிடம் "விழுந்துவிட்டேன்" என்று சொல்பவர்கள் பலர். வைத்தியர் நோயாளி சொன்னதையே எழுதுவார். அப்படி நடந்திருந்தால் மறைக்க வேண்டாம். ஏன் அப்படிச் சொன்னார் என்பதை அடுத்த வாய்ப்பிலேயே சட்டத்தரணியிடம் சொல்லுங்கள். ஆஸ்பத்திரியில் வைத்திருந்தால் எந்த ஆஸ்பத்திரி, எந்த விடுதி, அனுமதி இலக்கம் என்ன, எந்தத் திகதியில் போய் எப்போது வெளியேறினார் என்பவற்றைக் குறித்து வையுங்கள். சட்ட வைத்திய அறிக்கை எமது கைக்கு வராது. ஆனால் இந்த இலக்கங்கள் இருந்தால் சட்டத்தரணி அதைத் தேடிப் பெறலாம்.

உடுப்பு

தோய்க்க வேண்டாம், தைக்க வேண்டாம், அயன் பண்ண வேண்டாம். ஈரமாக இருந்தால் நிழலில் காயவிடுங்கள். பின்னர் துப்புரவான கடதாசி உறையில் வையுங்கள். சொப்பின் பையில் கட்டி வைத்தால் உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடித்துவிடும். ஒவ்வொரு உடுப்பையும் தனித்தனி உறையில் இட்டு, யார் தந்தது, எந்த இடத்தில், எத்தனை மணிக்கு என்று உறையின்மேல் எழுதுங்கள். உறையை ஒட்டும்போது பக்கத்தில் நின்ற இருவரின் கையொப்பத்தை வாங்குங்கள். அதன்பின் சும்மா திறந்து பார்க்க வேண்டாம். யாரிடமாவது ஒப்படைத்தால், பெற்றுக்கொண்டதாக எழுதி வாங்குங்கள். "இது உங்கள் கைக்கு வந்ததிலிருந்து இன்றுவரை யாரிடம் இருந்தது?" என்று நீதிமன்றம் கேட்கும். இடைவெளியின்றிப் பதில் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும்.

கடதாசி

கைதுசெய்தபோது தந்த துண்டு, தடுப்புக் காவல் உத்தரவின் பிரதி, மனித உரிமைகள் ஆணைக்குழுவின் முறைப்பாட்டு இலக்கம், செஞ்சிலுவைக் குழு தந்த பத்திரங்கள், கணவரோ மகனோ சிறையிலிருந்து எழுதிய கடிதங்கள் எல்லாமே சான்றுகள்தான். கடிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு உறையை எறிந்துவிடாதீர்கள். தபால் முத்திரையின் திகதி உறையில்தான் இருக்கிறது. பதிவுத் தபாலின் பற்றுச்சீட்டை அன்றே போட்டோக்கொப்பி எடுத்து வையுங்கள். இயந்திரத்தில் அடித்துத் தரும் துண்டுகளில் சில, சில மாதங்களில் எழுத்து மங்கி வெறும் வெள்ளைக் கடதாசி ஆகிவிடும். கிழிந்த கடதாசிக்கு லமினேட் போடுவதும் நல்லதல்ல. சூட்டில் அப்படியான துண்டுகள் கறுத்துவிடும். அது உண்மையான பத்திரம்தானா என்று பிறகு பரிசோதிப்பதும் கடினம்.

கைதுத் துண்டு தராவிட்டால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். தரவில்லை என்பதையும் எழுதி வையுங்கள். யாரிடம் கேட்டோம், என்ன சொன்னார்கள் என்பதோடு அதே வாரத்தில் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவியுங்கள். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் ஒருவரைக் கைதுசெய்தால் 48 மணித்தியாலத்திற்குள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும் என்பது ஆணைக்குழுச் சட்டத்தின் 28ஆம் பிரிவு. அறிவிக்கப்பட்டதா இல்லையா என்பதே ஒரு சான்றாகிவிடும்.

ஒரு கொப்பி

நான் எல்லாப் பெண்களிடமும் வாங்கச் சொல்வது ஒரு சாதாரண அப்பியாசக் கொப்பி. ஒற்றையாக அல்ல, தைத்த கொப்பியாக இருக்க வேண்டும். கைது நடந்த நாளிலிருந்து ஒவ்வொரு நாளும் நடந்ததை அன்றன்றே எழுதுங்கள். வந்தவர்கள் எத்தனை பேர், என்ன உடுப்பு, வாகனத்தின் நிறம், இலக்கம், யார் பார்த்துக்கொண்டு நின்றார்கள், எந்த அலுவலகத்திற்குப் போனோம், யார் பேசினார், பார்க்கப் போனபோது அவர் எப்படி இருந்தார், நடந்தாரா, கையை அசைத்தாரா என்பவற்றையெல்லாம் எழுதலாம். பிழையாக எழுதினால் அழிக்காமல் ஒரு கோடு கீறிவிட்டுப் பக்கத்தில் எழுதுங்கள். பக்கத்தைக் கிழிக்க வேண்டாம். கண்டதைக் கண்டதாகவும், கேட்டதைக் கேட்டதாகவும் எழுத வேண்டும். ஒரு சொல்லும் கூட்டி எழுத வேண்டாம். ஒரு மிகை பிடிபட்டால் மற்ற உண்மைகளும் சந்தேகத்திற்கு உள்ளாகும். எழுத வராதவர்கள் பிள்ளைகளைக் கொண்டு எழுதுவித்து, எழுதியவரின் பெயரையும் போடுங்கள்.

கைத்தொலைபேசி

இப்போது எல்லோர் கையிலும் கமரா இருக்கிறது. காயத்தைப் படமெடுக்கும்போது முதலில் முகமும் காயமும் ஒன்றாகத் தெரியும்படி ஒரு படம், பின்னர் கிட்ட நின்று ஒரு படம், பக்கத்தில் ஓர் அடிமட்டம் வைத்து இன்னொரு படம் எடுங்கள். தொடர்ந்து சில நாட்கள் எடுத்தால் கண்டலின் மாற்றம் தெரியும். வட்ஸ்அப்பில் அனுப்பிய படம் சிறிதாக்கப்பட்டு, எடுத்த நேர விபரமும் நீங்கிவிடும். ஆகவே முதலில் எடுத்த படத்தைத் தொலைபேசியிலேயே வைத்திருங்கள். மின்னஞ்சலிலும் ஒரு பிரதியைச் சேமியுங்கள். தொலைபேசியை விற்கவோ திருத்தக் கொடுக்கவோ முன் படங்களை வேறிடத்தில் பதிந்து வையுங்கள்.

அவர்களின் கையில் உள்ள சான்று

பொலிஸ் தகவல் புத்தகம், சிறையின் பதிவேடு, ஆஸ்பத்திரிப் பதிவு, கண்காணிப்புக் கமராவின் பதிவு ஆகியன எமது கையில் இல்லை. இவற்றில் கமராவின் பதிவே விரைவில் அழியும். பழைய பதிவின்மேல் புதியது விழுந்துகொண்டிருக்கும். ஆகவே "இன்ன திகதி, இன்ன நேரப் பதிவை அழிக்காமல் வைத்திருங்கள்" என்று அதே வாரத்தில் சட்டத்தரணி மூலம் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புவிக்க வேண்டும். நீதவானிடமும் கட்டளை கேட்கலாம். வீதியோரக் கடைகளின் கமராக்களையும் மறக்க வேண்டாம்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் எமக்கு ஓர் ஆயுதம். ஒரு பதிவைக் கேட்டு விண்ணப்பித்தால், அந்த விண்ணப்பமும் மேன்முறையீடும் முடியும்வரை அப்பதிவை அழிக்கக் கூடாது என்று அச்சட்டம் சொல்கிறது. ஒருவரின் உயிரோடும் தனிப்பட்ட சுதந்திரத்தோடும் தொடர்புபட்ட தகவல் என்றால் 48 மணித்தியாலத்தில் பதில் தர வேண்டும். தேசியப் பாதுகாப்பு என்று சொல்லி மறுக்கலாம். மறுத்தால் அந்த மறுப்புக் கடிதத்தையும் பைலில் வையுங்கள். கையில் உள்ள சான்றை ஒரு தரப்பு முன்வைக்காவிட்டால், அது அத்தரப்புக்குப் பாதகமானது என்று நீதிமன்றம் ஊகிக்கலாம் எனச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 114ஆம் பிரிவு கூறுகிறது. அதற்கு, நாம் கேட்டோம் என்பதற்கு எம்மிடம் ஆதாரம் இருக்க வேண்டும்.

நான் செய்த பிழை

இதை எழுத எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், விபரம் திரட்ட வந்த ஒரு அலுவலகத்திற்காக ஐந்து குடும்பங்களிடமிருந்து பத்திரங்களை வாங்கிக் கொடுத்தேன். போட்டோக்கொப்பி எடுக்க நேரமில்லை, இரண்டு கிழமையில் திருப்பித் தருவோம் என்றார்கள். மூலப் பத்திரங்களையே கொடுத்துவிட்டேன். பின்னர் அந்தத் திட்டம் முடிந்தது, அலுவலகமும் மூடப்பட்டது. நான்கு குடும்பங்களின் பத்திரங்கள் எப்படியோ திரும்பக் கிடைத்தன. ஐந்தாவது ஒரு தாயினுடையது. மகன் தடுப்பிலிருந்து எழுதிய ஒரேயொரு கடிதம் அதில் இருந்தது. அந்த அம்மா என்னை இன்றுவரை ஒரு சொல்லும் ஏசியதில்லை. எங்கு கண்டாலும் "சாப்பிட்டியா மகள்?" என்றுதான் கேட்பார். அதுவே எனக்குத் தண்டனை.

ஆகவே சொல்கிறேன். யார் கேட்டாலும், நான் கேட்டாலும்கூட, மூலப் பத்திரத்தைக் கொடுக்காதீர்கள். பிரதியைக் கொடுங்கள். நீதிமன்றத்திற்கு மூலப் பத்திரம் தேவைப்பட்டால் உங்கள் சட்டத்தரணியின் கையில், பற்றுச்சீட்டு வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

பயமும் பத்திரமும்

வீட்டில் இவற்றை வைத்திருப்பதே பயமாக இருந்த காலத்தை நாம் கடந்து வந்திருக்கிறோம். சோதனைக்கு வருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, கடிதங்களையும் படங்களையும் அடுப்பில் போட்ட பெண்களை நான் அறிவேன். உயிரைக் காக்கச் செய்ததை யாரும் பிழை சொல்ல முடியாது. 2004ஆம் ஆண்டு கடல் கொண்டுபோனவையும், இடம்பெயர்வில் வழியில் விடுபட்டவையும் எத்தனையோ. அதனால் எல்லாவற்றையும் ஒரே ரங்குப் பெட்டியில் வைக்க வேண்டாம். மூன்று பிரதி எடுத்து ஒன்றை வீட்டிலும், ஒன்றை வேறு ஊரில் உள்ள நம்பிக்கையான உறவினரிடமும், ஒன்றைச் சட்டத்தரணியிடமும் வையுங்கள். யாராவது வந்து மிரட்டினால் அதையும் கொப்பியில் எழுதுங்கள். சாட்சிகளை அச்சுறுத்துவது தனிக் குற்றம். பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் பாதுகாக்க 2015இல் ஒரு சட்டமும், அதற்குப் பதிலாக 2023இல் 10ஆம் இலக்கச் சட்டமும் கொண்டுவரப்பட்டன.

பணமில்லை என்று பின்வாங்கவும் வேண்டாம். சட்ட உதவி ஆணைக்குழு வருமானம் குறைந்தவர்களுக்காகவே இருக்கிறது. மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்யக் கட்டணம் இல்லை. மட்டக்களப்பு, யாழ்ப்பாணம், வவுனியா, திருகோணமலை ஆகிய இடங்களில் அதன் பிராந்திய அலுவலகங்கள் உள்ளன.

இன்னொரு தாய்

2021இல் கரையோரக் கிராமமொன்றைச் சேர்ந்த ஒரு தாய், திருட்டுச் சந்தேகத்தில் மகனைப் பிடித்துவிட்டார்கள் என்று என்னிடம் ஓடிவந்தார். எமது கூட்டமொன்றில் பின்வரிசையில் இருந்தவர் அவர். மகன் நொண்டி நடந்ததைக் கண்டவுடன் நேரத்தைக் குறித்திருந்தார். சட்டத்தரணி நீதவானிடம் சொல்ல, சட்ட வைத்திய அதிகாரியிடம் அனுப்பும்படி கட்டளையிடப்பட்டது. மகனின் உடுப்பு கைக்கு வந்தபோது, "கை தோய்க்கத்தான் போச்சு மிஸ், பிடிச்சு நிப்பாட்டினன்" என்றார். உடுப்பைக் கடதாசி உறையில் இட்டு, பக்கத்து வீட்டு ஆசிரியையும் தன் தங்கையும் கையொப்பமிட வைத்தார். ஆறாம் நாள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு, இருபத்தேழாம் நாள் உயர் நீதிமன்றத்தில் மனு. விசாரணைக்கு எடுத்துக்கொள்ள நீதிமன்றம் அனுமதி அளித்தது. வழக்கு இன்னும் முடியவில்லை. தவணை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் அந்தத் தாயின் மகனுக்கு ஒன்றும் நடக்கவில்லை என்று இனி எந்தக் கடதாசியும் சொல்ல முடியாது.

அண்மையில் படுவான்கரை அக்காவிடம் மீண்டும் போனேன். அந்தச் சேட்டை இன்னும் வைத்திருக்கிறார். "இனி இது ஒண்டுக்கும் உதவாதா தங்கச்சி?" என்று கேட்டார். சேட்டு உதவாது என்று உண்மையைச் சொன்னேன். ஆனால் கறையையும் கிழிசலையும் கண்ட அவருடைய கண் இருக்கிறது. அதைச் சத்தியக்கடதாசியாக எழுதலாம். பழைய காயங்களையும் மனப் பாதிப்பையும் வைத்தியர்கள் எப்படி ஆராய்ந்து பதிவது என்பதற்கு இஸ்தான்புல் நெறிமுறை என்ற சர்வதேச வழிகாட்டி உண்டு. கணவரின் தோளை அந்த முறையில் பரிசோதிக்கலாம். வழக்குக்குக் காலம் பிந்தியிருக்கலாம். ஆனால் உண்மை ஓரிடத்தில் பதிந்திருக்கும். கணவர் இன்னும் சம்மதிக்கவில்லை. யோசிக்கிறேன் என்றிருக்கிறார். அக்கா மட்டும் பிள்ளையின் பழைய கொப்பியொன்றை எடுத்து, தாம் கண்டதை ஞாபகமிருக்கும் அளவில் எழுதத் தொடங்கியிருக்கிறார். எழுதும் திகதியையும் மேலே போட்டிருக்கிறார்.

சகோதரிகளே, இந்தப் பக்கத்தை வாசித்தபின் உங்கள் அயலில் யாருடைய கணவரோ பிள்ளையோ சகோதரனோ காவலில் இருந்தால், அந்த வீட்டுப் பெண்ணிடம் இன்றே போய்ச் சொல்லுங்கள். உடுப்பைத் தோய்க்க வேண்டாம், உறையை எறிய வேண்டாம், கொப்பியில் எழுது, ஒரு மாதத்தைத் தவறவிடாதே. நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டால், அதற்குள் அவர் உடுப்பைத் தோய்த்துக் காயப்போட்டிருக்கக்கூடும்.